நூற்றுப் பதினான்காவது உறை

போகோர் ஆய்வகத்தில் என் மேசைக்கு
மாதம் ஒன்றாக வருகின்றன காக்கி உறைகள்.
அனுப்புநர்: சுல்ஹென்ட்ரி, காயு ஆரோ, கெரிஞ்சி.
தொழில் என்ற கட்டத்தில் எழுதுவார்: உருளைக்கிழங்கு.

உள்ளே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
அதற்குள் முடி. சில மாதம் ஒன்றே ஒன்று.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
‘ஏழு மலை ஏரிக்குப் போகும் வழி. விழுந்த மரம்.
என் இடுப்பு உயரம். இரண்டு காலில் நின்றது.
என்னைப் பார்த்தது. போய்விட்டது.’

அங்கே அதற்கு உஹாங் பண்டாக் என்று பெயர்.
குட்டை மனிதன்.
பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும் என்பார்கள் சிலர்.
அப்படியென்றால்
தடம் பார்த்துத் தொடர்கிறவன்
ஒவ்வோர் அடியிலும் அதைவிட்டு
விலகிப் போய்க்கொண்டிருப்பான்.

முதல் உறைக்கு நான் எழுதிய பதில்: சூரியக் கரடி.
இரண்டாவது: புனுகுப்பூனை.
ஐந்தாவது முடியே அல்ல, பனைநார்.
ஒன்பதாவதுக்குச் சிரித்துக்கொண்டே எழுதினேன்:
‘ஐயா, இது உங்கள் தலைமுடி.’
பதில் வந்தது:
‘நல்லது. நான் அங்கே போனது நிரூபணமாகிவிட்டது.’

‘இல்லாத ஊருக்கு வழி கேட்கிறான் அவன்,
நீயும் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்’
என்றார் துறைத் தலைவர் விர்யவான்.
ரசாயனங்கள் விலை அதிகம்.
அவர் சொன்னது சரி.
நானும் நம்பியதில்லை, இன்றைக்கும்தான்.

நாற்பத்தோராவது உறை
எந்த அட்டவணைக்கும் அடங்கவில்லை.
குட்டையான முடி, பழுப்பு, நுனியில் கறுப்பு.
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
வரிமுயல்.
அந்தப் பள்ளத்தாக்கில் அது உண்டென்று
யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.
முயற்கொம்பு தேடிப் போனவர்
முயலைக் கொண்டுவந்திருந்தார்.
கட்டுரை விர்யவான் பெயரில் வந்தது.
கடைசிப் பக்கத்தில் சுல்ஹென்ட்ரிக்கு ஒரு வரி நன்றி,
எழுத்துப் பிழையோடு.

அறுபத்தேழாவதில் ஒரு விரல் நீளக் கம்பி.
முறுக்கில் சிக்கிய மஞ்சள் முடி இரண்டு.
‘இது அவன் இல்லை, தெரியும். இருந்தாலும் பாருங்கள்.’
புலி.
வனக்காவலர்கள் அந்தச் சரிவில்
பத்தொன்பது சுருக்குகளை அறுத்து எடுத்தார்கள்.
இலவங்கப்பட்டை இல்லை அங்கே, பிரம்பு இல்லை,
கைபேசிக்குக் கோபுரம் இல்லை.
வேடனைத் தவிர வேறு யார் ஏறுவார்கள்,
இல்லாத ஒன்றை நம்பி ஏறுகிறவனைத் தவிர?

என் படிவத்தில் ‘இல்லை’ என்றொரு கட்டம் கிடையாது.
‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் இருக்கிறது.
பதினோரு வருடம் அதில் குறியிட்டும்
நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.
அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே
இரண்டு நாள் நடை இருக்கிறது,
அட்டைகள், அறுந்த செருப்பு, நனைந்த சோறு.
விர்யவானும் நானும்
பாதி நாள்கூட நடந்ததில்லை.

சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறேன்.
ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குண்டூசி:
கரடிக்குக் கறுப்பு, தாபிருக்கு வெள்ளை,
நாய்க்குப் பச்சை (நாய்கள் நிறைய).
போன வாரம் விளக்கை அணைக்கும்போது
வாசலிலிருந்து பார்த்தேன்.
ஒரு மலை முழுக்க யார் யார் குடியிருக்கிறார்கள் என்று
தெரிந்தது.
அவன் மட்டும் இல்லை.
அவனைத் தேடியதால்தான் மற்ற எல்லோரும்.

இன்று நூற்றுப் பதினான்கு.
சீட்டில் கையெழுத்து வேறு மாதிரி சாய்கிறது:
‘மழையில் வழுக்கி முழங்கால் வீங்கிவிட்டது.
இதை எடுத்தது மருமகள் யுஸ்னிடார். படுத்தபடி எழுதுகிறேன்.
அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.
ஆனால் நல்ல கண்.’

வெள்ளித்தாளைப் பிரிக்கிறேன்.
கறுப்பு. நான்கு சென்டிமீட்டர். வேரோடு.
கரடியாகத்தான் இருக்கும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
இடுக்கியை எடுக்கிறேன்.
மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன்,
பறந்துவிடக் கூடாது.